கழுத்துத் தண்டுவடக் காயத்துக்குப் பின் விரல் அசைய: நரம்பு மாற்று அறுவைக்கு ஆயத்தமாவது எப்படி

சி6 மட்டத்தில் (கழுத்தின் ஆறாவது மட்டம்) தண்டுவடம் அடிபட்டவருக்குப் பெரும்பாலும் முழங்கை மடங்கும், மணிக்கட்டு மேலே தூக்கும். விரல் மட்டும் திறக்காது, மூடாது. நரம்பு மாற்று அறுவையில் தண்டுவடத்தை யாரும் தொடுவதில்லை. மூளையின் கட்டளை இன்னும் வந்துசேரும் ஒரு நரம்புக் கிளையை வெட்டி, கட்டளை கிடைக்காத நரம்போடு தைக்கிறார்கள். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் சூப்பினேட்டர் தசையின் கிளை, விரல்களைத் திறக்கும் நரம்புக்குப் போகும். முழங்கையை மடக்கும் பிரேக்கியாலிஸின் கிளை, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மடக்கும் நரம்புக்குப் போகும். இவை போனாலும் அந்த இரண்டு வேலைகளையும் மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் பார்த்துக்கொள்ளும். அதனால் பைசெப்ஸ் வலுவாக இல்லாதவருக்கு இதைச் செய்யக்கூடாது.

2019இல் மெல்போர்னில் நடாஷா வான் ஸைல் குழு 16 பேருக்குச் செய்த 59 மாற்றுகளின் முடிவை வெளியிட்டது. அவற்றில் தோற்றவை 4.

முதலில் கவனிக்க வேண்டியது நாள்கணக்கு. காயத்துக்கு வெகு கீழே உள்ள தசைகளின் நரம்பணுக்கள் தண்டுவடத்துக்குள் உயிரோடுதான் இருக்கும், கட்டளைதான் வருவதில்லை. அந்தத் தசைகள் காத்திருக்கும், சில ஆண்டுகள் கழித்தும் முயலலாம். காயம் பட்ட மட்டத்திலேயே நரம்பணு செத்திருந்தால் தசை சூம்பத் தொடங்கும். 12 முதல் 18 மாதங்களுக்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை ஏற்காது. நரம்பு வளர்வதோ நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான்: தையலிலிருந்து தசை 25 செ.மீ. தள்ளி இருந்தால் 250 நாள். எந்தத் தசை எந்த வகை என்று அறிய, பிசியோதெரபிஸ்டிடம் முன்கையில் மின்தூண்டல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் துள்ளினால் தண்டுவடத்திலிருந்து அந்தத் தசைக்கு வரும் நரம்பு உயிரோடு இருக்கிறது. துள்ளாவிட்டால் இ.எம்.ஜி. (தசையின் மின்செயல்பாட்டைப் பதியும் சோதனை) எடுத்து, தாமதிக்காமல் அறுவை மருத்துவரைப் பாருங்கள். தானாக மீள்வதற்காகப் பொதுவாக 6 மாதம் வரை பொறுப்பார்கள். ஆனால் முதல் ஆலோசனைக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

கொடுக்கும் தசைக்கு 5க்கு 4 வலுவாவது வேண்டும், அதாவது எதிர்த்து அழுத்தினாலும் தாங்க வேண்டும். விரல் மூட்டுகள் கையால் மடக்கினால் முழுதாக மடங்க வேண்டும். இறுகிப்போன மூட்டை எந்த நரம்பாலும் அசைக்க முடியாது. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் ஆறிய பிறகே தேதி குறிக்க வேண்டும்.

மயக்க மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். நெடுநேரம் வேலை செய்யும் தசைத் தளர்த்தி போட்டால், எந்தக் கிளை எந்தத் தசைக்குப் போகிறது என்று அறுவையின்போது தூண்டிப் பார்க்க முடியாது. முடியிழையிலும் மெல்லிய 9-0 நூலால் தைத்த இடம் கையை நீட்டினாலும் இழுபடக்கூடாது. டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவருக்குத் திடீரென இரத்த அழுத்தம் ஏறித் தலை வெடிப்பதுபோல் வலித்தால், உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். குறையாவிட்டால் அவசர சிகிச்சை வேண்டும்.

அறுவைக்குப் பின் முதல் சில வாரங்கள் அந்தக் கையை ஊன்றி நாற்காலிக்கு மாற முடியாது. தூக்கிவிட ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பயிற்சி. உள்ளங்கையை மேலே திருப்பிக்கொண்டே விரலைத் திறக்க நினைக்க வேண்டும்; முழங்கையை மடக்கிக்கொண்டே கட்டைவிரலை மடக்க நினைக்க வேண்டும். புதிதாக நரம்பு வந்த தசை சீக்கிரம் களைக்கும், ஆகவே பத்துப் பத்தாக, நாளுக்குப் பல தடவை. விரல் திறப்பின் முதல் துடிப்பு 4 முதல் 6 மாதத்தில் தெரியலாம், மடக்கல் அதற்கும் பிந்தும். அதுவரை எதுவும் தெரியாவிட்டால் தோல்வி என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள்.

சோதிக்கும்போது மணிக்கட்டை மேசையில் அசையாமல் வையுங்கள். மணிக்கட்டு கீழே தொங்கினால் தசைநார் இழுபட்டு விரல் தானாகத் திறக்கும். அதை மீட்சி என்று பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

ஓர் ஆண்டு கடந்தும் துடிப்பே இல்லையென்றால் மறுபடி இ.எம்.ஜி. எடுக்க வேண்டும். வேலை செய்யும் ஒரு தசையின் நாரை வேறு இடத்தில் இணைக்கும் தசைநார் மாற்று அறுவைக்கு அப்போதும் வழி உண்டு. இறுக்கிப் பிடிக்கும் வலுவுக்கு முதல் தேர்வு அதுதான். விரலை இயல்பாகத் திறக்க நரம்பு மாற்றே மேல்.