ரயிலில் போய், நடந்து, ரயிலிலேயே திரும்ப: சுவிட்சர்லாந்தில் முதல் மலைநடை

சுவிட்சர்லாந்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவானதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பஸ்ஸிலேயே உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டாதே, எனக்கு நடக்கணும்." வயது அறுபத்துமூன்று. முழங்கால் வலி உண்டு, ஆனாலும் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர். கார் ஓட்டத் தெரியாத எனக்கு ரயிலை விட்டால் வேறு வழியில்லை. ஐந்து நாளும் ரயிலும் நடையுமாகவே போனது. அப்படியே நீங்களும் செய்ய இதை எழுதுகிறேன். விசா, விமான டிக்கெட் எல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதற்குள் நான் போகவில்லை.

முதலில் ஸ்டேஷன், பிறகு பாதை

பலர் அழகான பாதையைப் படத்தில் பார்த்துவிட்டு, அங்கே எப்படிப் போவது என்று பிறகு தேடுகிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பாதை ஒரு ஸ்டேஷனில் தொடங்கி இன்னொரு ஸ்டேஷனில் முடிய வேண்டும். வயதானவர்கள், குழந்தைகள் கூட வந்தால் நடுவிலும் ஒரு ஸ்டேஷன் இருக்க வேண்டும். கால் வலித்தால் அங்கேயே ஏறிவிடலாம் என்ற தைரியம் இருந்தால்தான் நிம்மதியாக நடக்க முடியும்.

இதற்கு நான் கண்டவரை மிகப் பொருத்தமானது கிரூச்சல்ப்பிலிருந்து மூரென் என்ற மலை ஊர் வரை உள்ள பாதை. கீழே பள்ளத்தாக்கில் உள்ள லௌட்டர்புருன்னன் ஸ்டேஷனுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் கேபிள் கார். அது 796 மீட்டர் உயரத்திலிருந்து 1,486 மீட்டரில் இருக்கும் கிரூச்சல்ப்புக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து மூரெனுக்கு ஒரு குட்டி ரயில் ஓடுகிறது, 1891இலிருந்து. அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே நடைபாதை. ஏறக்குறைய சமதளம், ஒன்றேகால் மணி நேர நடை. இடது பக்கம் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஐகர், மொய்ன்ஹ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் வழி முழுக்கக் கூடவே வரும். நடுவில் வின்டெரெக் என்ற ஸ்டேஷனும் பக்கத்திலேயே ஓர் உணவகமும் இருக்கின்றன.

எங்கே தங்குவது

சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். இன்டர்லாக்கன் ஓஸ்ட் வரை ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். அதற்கு முன்னால் இன்டர்லாக்கன் வெஸ்ட் வரும், அங்கே இறங்கிவிடாதீர்கள். லௌட்டர்புருன்னனுக்கு மலை ரயில் புறப்படுவது ஓஸ்ட்டிலிருந்துதான்.

லௌட்டர்புருன்னனிலோ வில்டர்ஸ்வில்லிலோ ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் அறை எடுங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும் கஷ்டம் இருக்காது.

நான் தடுக்கி விழுந்த இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இன்டர்லாக்கன் ஓஸ்ட்டில் ஒரே நீளமான ரயில் நிற்கும். அது ஒரு ரயில் அல்ல, இரண்டு. வழியில் ட்ஸ்வைலூச்சினன் என்ற ஸ்டேஷனில் பிரிந்து, ஒரு பாதி லௌட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரின்டல்வால்டுக்கும் போகும்.

பிளாட்பாரம் சரி, நேரமும் சரி. கண்ணில் பட்ட முதல் பெட்டியில் அம்மாவை ஏற்றிவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். ட்ஸ்வைலூச்சினனில் ஜெர்மன் மொழியில் ஏதோ அறிவிப்பு வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் ரயிலின் மற்ற பாதி பக்கத்துப் பள்ளத்தாக்குக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அம்மா, "அது ஏன் பிரிஞ்சு போகுது?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. கிரின்டல்வால்ட் வரை போய்த் திரும்பி வந்ததில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வீண்.

எனவே பிளாட்பாரத்தில் தொங்கும் திரையில் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று பாருங்கள். பிறகு ஏறப்போகும் பெட்டியின் பக்கவாட்டிலும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஏறுங்கள். தவறாக ஏறியது பாதி வழியில் தெரிந்தால் ட்ஸ்வைலூச்சினனில் இறங்கி மற்ற பாதிக்கு மாறிவிடலாம். அதைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் பதற்றப்பட வேண்டாம், அரை மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது.

இன்னொன்று. சுவிட்சர்லாந்தில் பல சின்ன ஸ்டேஷன்களில் கேட்டால்தான் ரயில் நிற்கும். உள்ளே இருந்தால் கதவருகே உள்ள பட்டனை அழுத்த வேண்டும். வெளியே காத்திருந்தால் பிளாட்பாரத்தில் உள்ள பட்டனை.

டிக்கெட்

எல்லோரும் ஸ்விஸ் டிராவல் பாஸ், அதாவது நாடு முழுக்க ரயில், பஸ், படகில் போக ஒரே டிக்கெட், வாங்கச் சொல்கிறார்கள். தினம் ஓர் ஊர் சுற்றுபவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் சாதாரண பாஸில் நாட்கள் தொடர்ச்சியாகக் கணக்காகும், ரயில் ஏறாத நாளும் சேர்த்து. ஒரே பள்ளத்தாக்கில் தங்கி நடப்பவருக்கு ரயில் செலவே குறைவு. அதனால் நான் ஹாஃப் ஃபேர் கார்டு பக்கம். ஒரு மாதம் செல்லும், ரயில், பஸ், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாம் பாதி விலை. உங்கள் திட்டத்தை ஒரு தாளில் எழுதி இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

போனில் என்ன வேண்டும்

ரயிலுக்கு சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி (SBB) ஆப். நடைக்கு கூகுள் மேப்ஸை நம்பாதீர்கள், மலைப்பாதையில் அது போதாது. சுவிஸ் அரசின் வரைபட ஆப்பான ஸ்விஸ்டோப்போ (swisstopo) இலவசம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், மூடியிருக்கும் பாதையையும் காட்டும். காலையில் கிளம்பும் முன் மேலே உள்ள வெப்கேமராவையும் பாருங்கள். கீழே மேகமாக இருந்து மேலே வெயில் அடிக்கும் நாட்கள் உண்டு, எதிர்மாறாகவும் உண்டு.

நடக்கும் நாள்

பாதை நெடுக மஞ்சள் பலகைகள். அதிலுள்ள சிறிய வெள்ளைப் பட்டையில் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரும் உயரமும் இருக்கும். மஞ்சள் அம்புக்குறிகளில் அடுத்த ஊரும் நேரமும், ஸ்டேஷன் இருந்தால் சிறிய ரயில் படமும் இருக்கும். அந்த நேரம் நிற்காமல் நடப்பவருக்கானது. நாங்கள் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டோம், அதுவே சரியாக வந்தது. வெறும் மஞ்சள் என்றால் சாதாரண பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் மலைப்பாதை, நல்ல ஷூவும் நிதானமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை நமக்கானது அல்ல.

வின்டெரெக்கில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார். கிளம்பும்போது டப்பாவில் அடைத்த புளிச்சோறு இன்னும் லேசாகச் சூடாகவே இருந்தது. மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவே குட்டி ரயில் வந்து நின்றது. "ஏறிடலாமா?" என்று கேட்டேன். "போகட்டும், அடுத்தது வரும்" என்றார். மூரென் வரை நடந்தே வந்தார்.

மறுநாளுக்கு: பக்கத்து மலை ஊரான வெங்கனிலிருந்து கேபிள் காரில் மென்லிஹன் மலைக்கு ஏறி, கிளைனெ ஷைடெக் ஸ்டேஷன் வரை நடந்து, அங்கிருந்து பல்சக்கர ரயிலில் வெங்கனுக்கே இறங்குங்கள். ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். இந்தத் திசையில் நடந்தால் லேசான இறக்கம்தான். திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் மலையை விட்டுவிடுங்கள். இன்டர்லாக்கன் ஓஸ்ட்டில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் தலைநகர் பேர்ண் போகலாம். அங்கே ஐரோப்பாபிளாட்ஸ் சதுக்கத்தில், பல மதங்களின் வழிபாட்டிடங்கள் ஒன்றாக இருக்கும் சமயங்களின் இல்லத்துக்குள் ஈழத் தமிழர்களின் ஞானலிங்கேச்சுரர் கோயில் இருக்கிறது. அம்மாவுக்கு அந்த நாளும் மிகப் பிடித்திருந்தது.

படித்தவர்கள் எழுதியதால் சேர்த்தது

ஒருவர் கிரூச்சல்ப்பில் மூரென் என்று எழுதிய பலகையைப் பார்த்து நடந்து, கடும் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டாராம். மன்னிக்கவும், நான் எழுதியிருக்க வேண்டும். மூரெனுக்கு மேல்வழியும் உண்டு. பலகையில் வின்டெரெக் என்ற பெயரும் இருக்கிறதா என்று பார்த்து அந்தப் பக்கம் நடங்கள். தண்டவாளம் பக்கத்திலேயே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் சரியான வழி.

குழந்தைகளுக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். ஆறு வயதுக்குள் இலவசம். பதினாறு வயதுக்குள் என்றால் பெற்றோர் பாஸோ ஹாஃப் ஃபேர் கார்டோ வாங்கும்போது ஸ்விஸ் ஃபேமிலி கார்டு கேளுங்கள், அதற்குப் பணம் இல்லை, அது இருந்தால் பெற்றோருடன் வரும் குழந்தைக்கும் பயணம் இலவசம். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

தீபாவளி விடுமுறைக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். மேல் பாதைகளில் நடக்க ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் முன்பாதி வரை நல்ல காலம். அதன் பிறகு பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நிறுத்தப்படும், ரெவிஷன் என்று அறிவிப்பு போட்டிருப்பார்கள். நீங்கள் ஏறப்போகும் கேபிள் காரின் இணையதளத்தில் உங்கள் தேதியைப் பார்த்துவிட்டு, அப்புறம் விமான டிக்கெட் எடுங்கள்.