மகளை ஹென்ரியெட்டா பார்னெட் பள்ளியில் சேர்க்க நினைக்கிறீர்களா?

லண்டனில் பெண் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில், அவள் எட்டு, ஒன்பது வயதில் இயர் ஃபோர் வகுப்புக்கு வந்ததுமே இந்தப் பள்ளியின் பெயர் அடிபடத் தொடங்கிவிடும். கோயிலில் பார்த்தாலும் கேட்பார்கள், பிறந்தநாள் விருந்தில் பார்த்தாலும் கேட்பார்கள். பேச்சு முழுக்க எந்த டியூஷன், எந்தப் புத்தகம் என்றே போகும். ஆனால் நான் பார்த்தவரை கணக்கை விடப் படிவமும் தேதியும்தான் பெற்றோரின் காலை வாருகின்றன, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இது அரசுப் பணத்தில் நடக்கும் கிராமர் ஸ்கூல், அதாவது தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி, கட்டணம் கிடையாது. உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான இயர் செவனில் ஏறத்தாழ நூறு இடங்கள்தான், தேர்வு எழுதுபவர்களோ 2,000-க்கும் மேல். மகள் இயர் ஃபைவ் முடிப்பதற்குள் பள்ளியிலேயே நேரடியாகத் தேர்வுக்குப் பதிய வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கதவு மூடியிருக்கும்.

முதல் சுற்று இயர் சிக்ஸ் தொடங்கியவுடன், செப்டம்பரில். விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை வினாக்கள்: ஆங்கிலம், சொல் தர்க்கம், வடிவத் தர்க்கம். அதில் முன்னணியில் வருபவர்களை மட்டும் இரண்டாம் சுற்றுக்கு அழைப்பார்கள். அங்கே ஆங்கிலமும் கணக்கும்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். தேர்வுக்குப் பதிவது ஒன்று, பள்ளி இடத்துக்கு விண்ணப்பிப்பது வேறொன்று. இரண்டாவது படிவம் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுக்குப் போவது, கடைசி நாள் அக்டோபர் 31. லண்டன் கவுன்சில்களில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வேறொரு கிராமர் ஸ்கூலின் தேர்வில் நன்றாகவே தேறியிருந்தாள், ஆனால் பள்ளிக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கவுன்சில் படிவத்தில் அந்தப் பெயரை எழுதாமலே விட்டுவிட்டார்கள், இடம் போய்விட்டது. அந்தத் தாய் அழுததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கவுன்சில் படிவத்தில் பள்ளிகளை எழுதும் வரிசையைப் பற்றியும் வீண் பயம் உண்டு. நீங்கள் எந்த இடத்தில் எழுதினீர்கள் என்பதைப் பார்த்துப் பள்ளி முடிவு செய்வதில்லை. தகுதி கிடைத்த பள்ளிகளில் உங்கள் பட்டியலில் மேலே இருப்பது எதுவோ அதைத்தான் கவுன்சில் தரும். ஆகவே கணக்குப் போடாமல் உண்மையிலேயே பிடித்த வரிசையில் எழுதுங்கள். அப்புறம், கடைசி ஓரிரண்டு இடங்களில் தேர்வில்லாத, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிகளைக் கட்டாயம் போடுங்கள். முன்னுரிமை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படலாம், அதனால் போன வருடம் சேர்ந்த பிள்ளையின் அம்மா சொன்னதை வைத்து முடிவெடுக்காமல் அந்த ஆண்டுக்குப் பள்ளி வெளியிட்டிருக்கும் விதியையே படியுங்கள்.

தயாரிப்பைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான்: வாசிப்பு. எட்டு வயதிலிருந்து தினமும் கதை வாசிக்கும் பிள்ளைக்குச் சொல்வளம் தானாக வந்துசேரும், அதைக் கடைசி ஆறு மாதத்தில் டியூஷனில் திணிக்க முடியாது. தர்க்க வினாக்களுக்குப் பழக்கம் வேண்டும், நேரம் வைத்துச் செய்து பார்க்க வேண்டும், சரி. அதற்காக நடன வகுப்பையும் தமிழ்ப் பள்ளியையும் நிறுத்தாதீர்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு அவைதான் மூச்சுவிடும் இடம்.

பெற்றோரும் பிள்ளைகளும் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் திறந்த நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கோல்டர்ஸ் கிரீன் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. அந்தப் பயணத்தைக் காலை நெரிசலில் ஒரு தடவை செய்து பார்த்தால்தான் ஏழு வருடம் தாங்குமா என்று தெரியும். கட்டடம் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தது, புது தில்லியை வரைந்த அதே மனிதர். 1911-இல் பள்ளியைத் தொடங்கிய ஹென்ரியெட்டா பார்னெட், கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் ஏழைகளிடையே பல வருடம் வேலை செய்தவர். பணக்காரரும் ஏழையும் அடுத்தடுத்து வாழட்டும் என்றுதான் சுற்றியுள்ள ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்பையே உருவாக்கினார். இதை மகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போனால் அவள் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். சுற்றிக் காட்டும் மாணவிகளிடம் அவளையே பேச விடுங்கள். நாடகம், இசை, மன்றங்கள் எல்லாம் யார் நடத்துகிறார்கள், பெரிய வகுப்பு அக்காமார் புதிதாக வரும் சின்னவர்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கட்டும். பள்ளியின் மரபு அங்கேதான் இருக்கிறது.

முடிவு மார்ச் 1 அன்று, அது விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாளில், மின்னஞ்சலில் வரும். இந்தப் பள்ளி கிடைக்காவிட்டால் வேறு பள்ளியில் வந்த இடத்தை உடனே மறுக்காதீர்கள், அதை ஏற்றுக்கொண்டே இந்தப் பள்ளியின் காத்திருப்புப் பட்டியலிலும் இருக்கலாம், அந்தப் பட்டியலைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மேல்முறையீடும் உண்டு. மின்னஞ்சலை முதலில் நீங்கள் தனியாகத் திறந்து பாருங்கள், உங்கள் முகம் சரியான பிறகு மகளைக் கூப்பிடுங்கள்.