தீம் பார்க்குக்குப் போக பான் கார்டு எதற்கு?

துண்டு, மாற்றுத்துணி, சன்ஸ்கிரீன், தண்ணீர் பாட்டில். இவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு விமானம் மாறி மாறி ஊர் வந்து சேருகிறவர்களுக்குப் பை கட்டத் தெரியாதா என்ன. ஊருக்குப் போன இடத்தில் அண்ணன் பிள்ளைகள், நம் பிள்ளைகள், அம்மா, அண்ணி எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் தீம் பார்க்குக்குப் போவோம் அல்லவா, அந்த நாளுக்கான பையைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன தை மாதம் நான் போனேன். பையில் இருந்ததில் பாதியை வெளியே எடுக்கவே இல்லை. தேவைப்பட்டவை மெல்போர்னில் மேஜை இழுப்பறைக்குள் பத்திரமாக இருந்தன.

முதலில் நாள். எங்கள் கோவைப் பக்கம் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் இருக்கிறது, கோவை கொண்டாட்டம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். சாலையில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். எங்கே போனாலும் ஏப்ரல், மே வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டிருக்கும், கத்திரி வெயிலும் சேர்ந்துகொள்ளும், ஒரு சறுக்குக்கு முக்கால் மணி நேரம் வெறுங்காலோடு சூடான தரையில் நிற்க வேண்டும். ஜனவரியில் வருகிறவர்கள் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு ஒரு வேலை நாளாகப் பாருங்கள். அண்ணன் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும்தான். அத்தை வந்திருக்கிறாள் என்று ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இப்படியெல்லாம் யோசித்துத்தான் தை வெள்ளிக்கிழமை ஒன்றைப் பிடித்தேன். அது வளர்பிறை முகூர்த்த நாள் என்பதை நான் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்திருந்தார்.

அடுத்தது நைலான். நம்மூர்த் தண்ணீர்ப் பூங்காக்களில் பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். புடவை, சுடிதார், ஜீன்ஸ் எதுவும் ஆகாது. பருத்தி தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும். வாசலிலேயே வாடகைக்கும் விலைக்கும் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், யாருக்கும் சேராத அளவில். அதனால் முந்தின நாளே கடைக்குப் போய்விடுங்கள். முக்கியமாக, அண்ணிக்கு நீங்களாக ஒன்றை வாங்கிக்கொண்டு வராதீர்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முழுக்கை, கணுக்கால் வரை மூடுகிற நைலான் உடைகள் இருக்கின்றன. நான் வெளியூரிலிருந்து கொண்டுவந்த அழகான நீச்சலுடையை அண்ணி விரித்துப் பார்த்துவிட்டு, "நான் கரையில உக்காந்து பையைப் பாத்துக்கறேன் அம்மிணி" என்று மடித்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இருவரும் கடைக்குப் போனோம்.

இவ்வளவு ஏற்பாட்டோடு வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு வேன் வாசலில் நின்றது. பிள்ளைகள் நான்கு பேரும் நைலான் உடையை உள்ளே போட்டு, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்கள். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "போற வழிதான் அம்மிணி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து. அஞ்சே நிமிசம்."

அப்பாவின் நிலம். அப்பா போன பிறகு அம்மா, அண்ணன், நான் என்று மூன்று வாரிசுகள். என் பங்கையும் அம்மாவின் பங்கையும் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். எழுதித் தயாராக வைத்திருந்தார், டோக்கன் போட்டிருந்தார். எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஐந்து நிமிடத்தின் கணக்கைச் சொல்கிறேன். அலுவலகம் பத்து மணிக்குத் திறந்தது. பத்திரம் எழுதுகிறவர் பத்தேகாலுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அந்த ஒன்றரை மணி நேரம் அங்கே யாரும் பேனாவைத் தொடவில்லை. முகூர்த்த நாளுக்கென்று கூடுதல் டோக்கன் கொடுப்பதால் வளாகம் முழுக்க கல்யாண வீட்டுக் கூட்டம், மாலைதான் இல்லை. பன்னிரண்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எங்கள் முறை வந்தபோது என் பெயர் இடித்தது. பத்திரத்தில் நான் அப்பாவின் தலைப்பெழுத்தோடு இருந்தேன். பாஸ்போர்ட்டில் வீட்டுக்காரர் பெயர் குடும்பப் பெயராக ஒட்டியிருக்கிறது. இவரும் அவரும் ஒருவரே என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், எனக்கே சில நாள் தோன்றுவதுண்டு. "இன்னார் என்கிற இன்னார்" என்று போட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

அப்புறம் பான் கார்டு. மின்னஞ்சலில் இருக்கிறது, ஆனால் என் ஆஸ்திரேலிய சிம்மில் இணையம் இழுக்கவில்லை. அண்ணன் மகனின் போனிலிருந்து திறக்கலாம் என்றால், புதுச் சாதனம் என்று சந்தேகப்பட்டு மெல்போர்ன் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அது வந்து சேர இருபது நிமிடம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். சாட்சி இருவர் வேண்டும், அண்ணன் சொல்லிவைத்திருந்த இரண்டாமவர் வரவில்லை. வேன் ஓட்டுநர்தான் தன் லைசென்ஸைக் காட்டிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். காலையில் அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

கடைசியில் கைரேகை. வேனில் பிள்ளைகள் அழுகிறார்களே என்று, இதோ கிளம்பிவிடுவோம் என்று காட்டுவதற்காக, எல்லோர் முகத்திலும் சன்ஸ்கிரீன் பூசிவிட்டு அப்படியே உள்ளே போயிருந்தேன். கருவி என் விரலை ஏற்கவில்லை. துடைத்தேன், ஏற்கவில்லை. "கையில என்னம்மா?" என்று கேட்டார் அங்கிருந்த ஊழியர். அண்ணன் மகள் ஓடிப்போய் நீச்சல் பையிலிருந்து ஈரத் துடைப்புத்தாளை எடுத்துவந்தாள். தீம் பார்க்குக்கென்று கட்டிய பையிலிருந்து அதுவரை பயன்பட்ட ஒரே பொருள் அதுதான்.

மறுநாள் வரைக்கும் எனக்குக் கோபம் இருந்தது. பிள்ளைகளின் நாள் போனதே என்று ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அண்ணன் இதை நான்கு வருடத்தில் மூன்று முறை போனில் கேட்டிருந்தார். மூன்று முறையும் "வரும்போது பாத்துக்கலாங்ண்ணா" என்றேன். மெல்போர்னில் இந்தியத் துணைத் தூதரகத்தில், எனக்குப் பதில் இங்கே வேறொருவர் கையெழுத்துப் போட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டினால் செல்லும். படிவத்தை இறக்கி வைத்தேன், அத்தோடு சரி. கையெழுத்துப் போட மனமில்லாமல் இல்லை. போட்டுவிட்டால் ஊரில் எனக்கென்று ஒன்றும் இருக்காதே என்று ஒரு தயக்கம். வருடத்துக்குப் பத்து நாள்கூட நிற்காத ஊரில்.

எனவே நிலம் உள்ள வீட்டுக்குப் போகிறவர்கள் நீச்சல் பைக்குள் ஒரு ஜிப் கவரில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கானது), பான் கார்டு, பழைய பெயரில் உள்ள ஏதாவது ஒரு சான்று, நான்கு புகைப்படம். ஆதார் இல்லையே என்று பதற வேண்டாம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால்தான் அது ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்குக் கிடைக்கும், பாஸ்போர்ட்டை வைத்தே வேலை நடந்தது. உங்கள் பங்கு உங்களுடையது என்பதும் தெரிந்திருக்கட்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது, நாடு முழுக்க வந்தது 2005-ல். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் விவசாய நிலத்தைப் புதிதாக வாங்க முடியாது, வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். உடன்பிறந்தவர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குக் கட்டணத்தில் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக்கு 10,000 ரூபாய் என்று அது ஏறியது. கொடுப்பதானால் படித்துவிட்டுக் கொடுங்கள். நான் என் பங்கைப் படிக்காமலே கொடுத்தேன், அதில் வருத்தமில்லை. அம்மாவின் பங்கு அம்மா காலம்வரை அம்மா பெயரிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் வேனில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, தன் பெயரை எழுதினார்.

சாப்பாடு. வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலான பூங்காக்கள் உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தைக்கான உணவும் மருந்தும் கேட்டால் விடுவார்கள். இதைச் சொல்லியும் அம்மா தூக்குப்போசி நிறையத் தக்காளி சாதம் கட்டியிருந்தார். வாசலில் செக்யூரிட்டியோடு சண்டை வரப்போகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் எட்டுப் பேரும் ஓட்டுநரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

அந்த மரத்தடியில்தான் அண்ணன் ஒரு நோட்டை எடுத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. அப்பா போன 2021 மே மாதக் கணக்கு. ஆம்புலன்ஸ், ஆக்ஸிஜன் சிலிண்டர், ஆஸ்பத்திரி, மயானம். தேதி போட்டு, ரூபாய் போட்டு. "நீ கேப்பேன்னு எழுதி வெச்சேன்" என்றார். 2020 மார்ச்சில் மூடிய ஆஸ்திரேலிய எல்லை 2021 நவம்பரில்தான் திறந்தது. நான் போனில்தான் பார்த்தேன். கணக்கைக் கேட்கத் தோன்றவில்லை. சின்னவன் வந்து தண்ணீர் கேட்டான், நோட்டை மூடிவிட்டார்.

பூங்காவுக்குள் போனபோது மணி மூன்றேகால். மதியத்துக்கு மேல் வந்தும் டிக்கெட் விலையைக் குறைக்கவில்லை. பணம் சில்லறையாகக் கையில் இருக்கட்டும். ஆஸ்திரேலியா உட்படப் பத்து நாட்டு எண்களில் யு.பி.ஐ. பயன்படுத்தலாம் என்று 2023-ல் அறிவித்தார்கள், ஆனால் அதற்கு இங்கே என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. என்கிற, வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான வங்கிக் கணக்கு வேண்டும். போன தடவை மிச்சம் வந்த 2,000 ரூபாய்த் தாளை எடுத்து நீட்டாதீர்கள். நான் நீட்டினேன், வரிசையே திரும்பிப் பார்த்தது.

ராட்டின வாசலில் உயரம் அளக்கிற கம்பம் இருக்கும், பிள்ளைகளை வீட்டிலேயே ஒருமுறை அளந்துவிட்டுப் போங்கள். அண்ணன் மகள் இரண்டு விரல்கடை குறைந்துபோனாள். என் மகன் தாண்டிவிட்டான். இருவருக்கும் ஒரே வயது. அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பெரிய ராட்டினத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

அண்ணி தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்றார், லாக்கரில் வைக்கவும் மாட்டேன் என்றார். வீட்டிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வரும்படி முந்தின இரவே சொல்லியிருக்கலாம். அலைக்குளத்தில் இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையால் கொடியைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீரை அடித்தடித்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது.

வயதானவர்களுக்கு நிழலும் நாற்காலியும் முதலில் பாருங்கள், சறுக்கெல்லாம் பிறகு. பல் செட், காது மெஷின் இவற்றுக்கு மூடியுள்ள சின்ன டப்பா. மாலை நான்கரைக்கு மேல் குளிர்காற்று ஈரத் தலையில் அடிக்கும், ஊட்டிக்குத்தான் ஸ்வெட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தரைக்கு விசில் ஊதிக் கரையேற்றினார்கள். என் மகள் வேனில் ஒன்றும் பேசாமல் வந்தாள். அவளுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் என்றால் என்ன என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட்டை வாங்க மறக்காதீர்கள். நான் மறந்தேன். சாவி ஈரத் துணிகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டது. நாங்கள் விமானம் ஏறிய அடுத்த வாரம் அவர் பைக்கில் போய் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாராம். போனில் அண்ணி சொன்னார்: "இருநூறு ரூவா. உம்பேர்ல நோட்டுல எழுதி வெச்சிருக்காரு, தங்கச்சி வரவுன்னு."