தொடரின் மூன்றாம் நாவலைப் பற்றி எழுதும் முன்

அமெரிக்க எழுத்தாளர் பாரி ஹ்யூகார்ட் எழுதியவை மூன்றே நாவல்கள். ஏழாம் நூற்றாண்டுச் சீனாவை நினைவூட்டும் ஒரு நாட்டில் மூன்றும் நடக்கின்றன. மாஸ்டர் லீ என்ற வயோதிக அறிஞர் துப்பறிகிறார். பத்தாம் எண் எருது என்று அழைக்கப்படும் கிராமத்து இளைஞன் பல நேரம் அவரை முதுகில் சுமந்தபடியே உடன் சென்று கதையைச் சொல்கிறான். முதல் நாவலான ‘பிரிட்ஜ் ஆஃப் பேர்ட்ஸ்’ 1984இல் வந்து, மறு ஆண்டே உலக மிகுபுனைவு விருதை இன்னொரு நாவலோடு பகிர்ந்துகொண்டது. இரண்டாவது 1988இல் வந்தது. மூன்றாவதான ‘எய்ட் ஸ்கில்டு ஜென்டில்மென்’ 1991இல் வந்தது.

மூன்றாவதைப் படித்து முடித்த இரவே நண்பர் ஒருவருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். முதல் நாவலின் மாயம் இதில் இல்லை, மனம் நிறையவில்லை என்பதே அதன் சாரம். இரண்டு ஆண்டுகள் கழித்து நாவலை மறுபடி படித்துவிட்டு அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். மூன்றாம் நாவலைப் பற்றி அதில் உருப்படியாக ஒரு வரிகூட இல்லை. பத்தி பத்தியாக முதல் நாவலைத்தான் புகழ்ந்திருந்தேன். தொடர் நாவல்களுக்கு வரும் எதிர்வினைகளில் அடிக்கடி நேரும் தவறு இதுதான் என்று அப்போது புரிந்தது. மற்ற தவறுகளும் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதல் நாவல் தரும் வியப்பில் பாதி, அந்த உலகத்துக்குள் முதன்முறை நுழைவதால் வருவது. மாஸ்டர் லீ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது தன் குணத்தில் ‘ஒரு சிறு குறை’ இருப்பதாகச் சொல்வார். முதல் தடவை கேட்கும்போது அது நம்மைத் தூக்கி நிறுத்துகிறது. மூன்றாம் நாவலில் அதே வாசகம் பழகிய நண்பரின் சொல்லாகிவிடுகிறது. அந்த முதல் தடவையை எந்த எழுத்தாளராலும் இன்னொரு முறை தர முடியாது. அதைவிட முக்கியமாக, மூன்று நாவல்களின் நோக்கமும் ஒன்றல்ல. முதலாவது, நோயில் விழுந்த கிராமத்துக் குழந்தைகளுக்கு மருந்து தேடிப் போகும் கதை. அதன் நடை நாடோடிக் கதையின் நடை. இரண்டாவது, ஒரு துறவியின் கொலையிலும் போலியான ஒரு பழஞ்சுவடியிலும் தொடங்குகிறது. மூன்றாவது, தலைநகரில் ஒரு மரணதண்டனை நடந்துகொண்டிருக்கும்போது பிணந்தின்னிப் பேய் ஒன்று உள்ளே புகுவதில் தொடங்குகிறது. பின்னிரண்டும் துப்பறியும் நாவல்களாக எழுதப்பட்டவை. அவற்றிடம் போய் ‘ஏன் என்னை அழவைக்கவில்லை’ என்று கேட்டால், கேள்வி தவறான வாசலைத் தட்டுகிறது.

அதற்காகக் குறையே சொல்லக் கூடாது என்பதில்லை. ஒவ்வொரு நாவலிலும் கண்முன் நடக்கும் குற்றத்துக்கு அடியில் ஒரு பழங்கதை புதைந்திருக்கும். லீ அதைத் தோண்டி எடுப்பார். மூன்றாம் முறை படிக்கும்போது அந்த அச்சு கண்ணுக்குத் தெரிகிறது. இது நியாயமான விமர்சனம். எந்த இடத்தில் அச்சு தெரிந்தது, அது தெரிந்ததால் முடிச்சு முன்கூட்டியே அவிழ்ந்ததா என்று காட்டி எழுதினால் படிப்பவருக்குப் பயன்படும். ‘பழைய சுவை இல்லை’ என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை.

அடுத்த தவறு வரிசை பற்றியது. டச்சு ராஜதந்திரி ராபர்ட் வான் குலிக் எழுதிய நீதிபதி டீ கதைகளில் இது நிறையவே நடக்கிறது. டீ, தாங் வம்சக் காலத்தில் உண்மையாகவே வாழ்ந்த டி ரென்ஜியே (630–700) என்ற அதிகாரியின் புனைவு வடிவம். இத்தொடரில் நூல்கள் வெளிவந்த வரிசை ஒன்று, கதைக்குள் ஓடும் காலம் வேறொன்று. வான் குலிக் 1967இல் இறந்தபின், 1968இல் வந்த கடைசி நாவலின் கதை நடப்பது 668ஆம் ஆண்டில். ஆனால் டீயின் வாழ்வில் கடைசியாக நிகழும் கான்டன் நகரக் கதை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1966இல் வெளிவந்துவிட்டது. அது நடப்பது 681இல். நூலின் பதிப்பாண்டை மட்டும் பார்த்துவிட்டு, ‘போன நாவலில் நீதிபதி எவ்வளவு முதிர்ந்திருந்தார், இதில் பின்னோக்கிப் போய்விட்டாரே’ என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னோக்கிப் போனது கதையின் காலம். இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வான் குலிக்கின் முதல் ஐந்து நாவல்கள் பழைய சீனக் கதைகளின் பாணியில், மூன்று வழக்குகளை ஒன்றோடொன்று பின்னிச் செல்பவை. கோலாலம்பூரில் பணியாற்றிய காலத்திலிருந்து அவர் எழுதியவை பெரும்பாலும் அளவில் சிறியவை, பாத்திரங்களும் குறைவு. இதை ‘எழுத்து வற்றிவிட்டது’ என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிறிய நாவல்கள்தான் அதிகம் பிடிக்கும். புயலடிக்கும் ஓர் இரவில் மலைமேல் இருக்கும் தாவோ மடத்துக்குள்ளேயே முழுக் கதையும் முடிந்துவிடும் ‘தி ஹான்டட் மொனாஸ்டரி’யில் (1961) இருக்கும் இறுக்கம், பெரிய நாவல்களில் இல்லை.

சரித்திரப் பிழை பிடிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தாங் காலத்துக் கதையில் உடையும் வீடும் பழக்கங்களும் பல நூற்றாண்டுகள் பிந்தைய மிங் வம்சக் காலத்தவையாக இருக்கின்றன என்பது நீதிபதி டீ நாவல்கள்மேல் வரும் குற்றச்சாட்டு. உண்மைதான். ஆனால் பழைய சீன நாவலாசிரியர்கள் முந்தைய வம்சத்துக் கதையையும் தங்கள் காலத்து உடையில்தான் எழுதினார்கள். அந்த மரபையே பின்பற்றுகிறேன் என்று வான் குலிக் தன் பின்னுரைகளில் சொல்லிவிட்டார். அக்காலச் சீன ஆண்கள் பின்னல் சடை வைத்திருக்கவில்லை, அது 1644க்குப் பிறகு மஞ்சு ஆட்சியாளர்கள் திணித்தது என்றுகூட வாசகருக்கு எடுத்துச் சொன்னவர் அவர். விசாரணை மன்றத்தில் சாட்டையடி வரும் இடங்களும் அப்படித்தான். குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொள்ளாமல் பொதுவாகத் தண்டனை விதிப்பதில்லை என்பது அன்றைய சட்ட வழக்கம். அந்தக் காட்சிகள் படிக்கக் கசப்பாக இருந்தால் கசப்பை எழுதுங்கள். ஆசிரியர் இட்டுக்கட்டினார் என்று எழுதாதீர்கள். ஹ்யூகார்டோ முதல் நாவலின் துணைத்தலைப்பிலேயே இது ‘ஒருபோதும் இருந்திராத’ பண்டைய சீனா என்று அறிவித்துவிட்டார். அவரிடம் ஆண்டுக் கணக்கைக் கேட்பதில் பொருளில்லை. வெளிநாட்டவர் ஒருவர் சீனர்களைப் படைக்கும்போது அவர்கள் மனிதர்களாக நிற்கிறார்களா, வேடிக்கைப் பொருள்களாகிவிடுகிறார்களா என்று கேட்கலாம். அது கனமான கேள்வி. மூன்று நாவல்களையும் படித்தவர் அதை முதல் நாவலை மட்டும் படித்தவரைவிடத் துல்லியமாகக் கேட்க முடியும்.

‘கடைசியில் பேய்தான் என்றால் துப்பறிவது எதற்கு’ என்ற புகாரையும் அடிக்கடி கேட்கிறோம். மேல்நாட்டு வாசகர் இப்படிக் கேட்பார் என்பது வான் குலிக்குக்குத் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டுச் சீன நாவல் ஒன்றை 1949இல் டோக்கியோவில் மொழிபெயர்த்து வெளியிட்டபோதே, சீனத் துப்பறியும் கதைகளில் ஆவிகள் சாதாரணமாக உலவும், குற்றவாளி யார் என்பதும் பல கதைகளில் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும் என்று முன்னுரையில் எழுதினார். நான் பார்ப்பது இதை மட்டும்தான்: அந்த உலகில் பேய் உண்டா இல்லையா என்று நாவல் ஆரம்பத்திலேயே நமக்குச் சொல்லிவிட்டதா? ஹ்யூகார்டின் உலகில் தெய்வங்கள் உண்டு என்பதில் ஒளிவுமறைவே இல்லை. அப்படியிருந்தும் கொலையாளியை லீ தடயங்களை வைத்து யோசித்தே பிடிக்கிறார். நீதிபதி டீயின் கதைகளில் அமானுஷ்யமாகத் தோன்றுவது பெரும்பாலும் மனிதக் கைவேலையாக முடியும். ஏதோ ஒரு துளி மட்டும் விளக்கப்படாமல் எஞ்சும். இரண்டும் நேர்மையான ஆட்டம். முந்நூறு பக்கம் பேயே இல்லை என்று நம்பவைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் பேயை இறக்கும் நாவல்மேல்தான் கோபப்பட வேண்டும்.

மர்மத்தை உடைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தொடரின் பின்பகுதி நூல்களில் கொலையாளியின் பெயரைவிட வேறொன்று எளிதில் கசிந்துவிடுகிறது. டீயின் நெருங்கிய துணைவர்கள் நால்வரில் எல்லோருமே தொடரின் முடிவுவரை உயிரோடு இருந்துவிடுவதில்லை, சிலர் இடையிலேயே இறக்கிறார்கள். யார், எந்த நூலில் என்பதை ஒருவர் போகிறபோக்கில் எழுதியதால் எனக்குப் பல நாவல்களின் பதற்றம் பறிபோனது. அதனால்தான் இங்கேயும் பெயரைச் சொல்லவில்லை.

முடிவு பற்றிய ஏமாற்றத்தை ஆசிரியர்மேல் போடுவதும் ஒரு தவறு. ஹ்யூகார்ட் ஏழு நாவல்கள் எழுதத் திட்டமிட்டிருந்தார். பதிப்பாளர்களோடு ஏற்பட்ட கசப்பால் மூன்றோடு நிறுத்திக்கொண்டு, 2019இல் மறைந்தார். தொடர் பாதியில் நின்றது உண்மை. மூன்றாம் நாவல் பாதியில் நிற்கவில்லை, தன் வழக்கை முழுமையாக முடித்துவிட்டே ஓய்கிறது. இரண்டையும் குழப்பி ‘முற்றுப்பெறாத நாவல்’ என்று எழுதினால், இனி படிக்கப்போகிறவர் அந்த நூலைத் தொடாமலே போய்விடுவார். முடிவில் நிறைவில்லை என்று தோன்றினால் நிறையாமல் நிற்கும் கேள்வியைக் குறிப்பிட்டு எழுதுவதே சரி. பொன்னியின் செல்வன் முடிந்தபோது கல்கியின் வாசகர்கள் அதைத்தான் செய்தார்கள். இன்னாருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பாத்திரம் பாத்திரமாகக் கேட்டார்கள், கல்கியும் முடிவுரையில் அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

நண்பருக்கு இப்போது வேறொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். ‘எய்ட் ஸ்கில்டு ஜென்டில்மென்’ ஐந்தாம் மாத ஐந்தாம் நாளில் நடக்கும் டிராகன் படகுப் போட்டியை நோக்கிப் போகும் நாவல் என்றும், நடுவில் சில அத்தியாயங்கள் விசாரணையை மறந்து அலைகின்றன என்றும், துடுப்பு நீரில் விழும் அந்தக் கடைசிப் பக்கங்களில் எருதின் குரல் முதல் நாவலில் நான் கேட்டதைவிட வயது கூடியிருக்கிறது என்றும் அதில் எழுதினேன்.