வலி மாத்திரையை நாலு இடத்தில் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வலிக்கு இரண்டு மூன்று டாக்டரைப் பார்ப்பது குற்றமல்ல. நீலகிரியில் பலருக்கு வேறு வழியும் இல்லை. கொழுந்து பறித்துப் பறித்து இடுப்பு விட்டுப்போனால் முதலில் எஸ்டேட் டிஸ்பென்சரி, அடுத்து கோத்தகிரியிலோ குன்னூரிலோ அரசு ஆஸ்பத்திரி. அப்போதும் கேட்கவில்லை என்றால் பஸ் ஏறி மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறங்கி எலும்பு டாக்டர். ஆளுக்கொரு சீட்டு எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மெடிக்கலில் நிற்கும் எனக்குத் தினமும் கவலை தருவது இதுதான்.

அட்டையின் நிறம் வேறு என்றால் மருந்தும் வேறு என்று நினைப்பது முதல் தவறு. தோட்டத்து அக்கா ஒருவர் பிளாஸ்டிக் கவரை மேசையில் கவிழ்த்தார். “தங்கச்சி, இது டிஸ்பென்சரில குடுத்தது, இது கீழ டாக்டர் எழுதுனது, இது காய்ச்சலடிச்சப்ப வாங்குனது. எல்லாத்தையும் போடலாமா?” முதல் அட்டை அசெக்ளோஃபெனாக், அதோடு பாராசிட்டமால் 325 மில்லிகிராம், தினம் இரண்டு. இரண்டாவது ட்ரமடால், அதிலும் பாராசிட்டமால் 325, தினம் மூன்று. மூன்றாவது வெறும் பாராசிட்டமால் 650, அதுவும் மூன்று. கூட்டினால் ஒரு நாளைக்குப் பாராசிட்டமால் மட்டுமே 3575 மில்லிகிராம். உடம்பில் கோளாறு இல்லாத பெரியவர்களுக்கே உச்சவரம்பு 4000. மெலிந்த உடம்புக்கும், ஈரல் கெட்டவருக்கும், தினமும் குடிப்பவருக்கும் அந்த வரம்பு இன்னும் கீழே. இத்தனைக்கும் அந்த அக்கா எந்த டாக்டர் சொன்னதையும் மீறவில்லை.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மூன்றும் ஒரே குடும்பம். இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்புத்தான் கூடும். கடையில் “ஒரு செட் குடுங்க” என்று கேட்டு, காகிதத்தில் மடித்த உதிரி மாத்திரைகளை வாங்குவது இதைவிட மோசம். உள்ளே இருப்பது வலி மாத்திரையா, ஸ்டீராய்டா என்று அடுத்த டாக்டர் கண்டுபிடிக்கவே முடியாது. தயவுசெய்து அட்டையோடு வாங்குங்கள், பெயர் தெரியட்டும்.

பிரஷர் மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் வந்த பிறகு அது வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதனால் “வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?” என்று டாக்டர் கேட்டால் இல்லை என்றே பதில் வருகிறது. எனலாப்ரில், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளோடு நீர் பிரியும் மாத்திரையும் வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சரிவில் நிற்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ட்ரமடால் விஷயம் தனி. அது அபின் வகையைச் சேர்ந்த வலுவான வலி மருந்து. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ‘அட்டவணை எச்1’ பட்டியலில் இருக்கிறது. 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் பதிவேட்டில் ஏறும். அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பெயர் எழுதுகிறார்களே என்று பயந்து பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் கொண்டுவருகிறார்கள், ஊருக்கு ஊர் கடை மாற்றுகிறார்கள். தன் பெயரில் முறையான சீட்டு வைத்திருப்பவர் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கடையின் பதிவேடு இன்னொரு கடைக்குத் தெரியாது என்பதால், எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நோயாளிதான். ட்ரமடாலோடு தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் வலிப்பு வரலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது. எழுதிய டாக்டரிடமே கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மறைப்பவர்களுக்கும் காரணம் உண்டு. எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு வீட்டுச் செய்தி மறுநாள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். கங்காணிக்குத் தெரிந்தால் வேலை போகுமோ என்ற பயம் வேறு. ஆனால் நோயாளி சொன்னதை டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகள் சொல்கின்றன. நீதிமன்ற உத்தரவு, பிறர் உயிருக்கு ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவைதான் விலக்கு. அதனால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மறைக்க வேண்டிய இடங்கள் வேறு. சீட்டைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு “யாராவது டவுன்ல இருந்தா வாங்கிட்டு வாங்க” என்று கேட்க வேண்டாம். லீவுக்குச் சான்றிதழை மட்டும் கொடுங்கள், மருந்துச் சீட்டை நீட்டாதீர்கள். கடையில் கூட்டம் இருந்தால் தள்ளி நின்று பேசலாம் என்று எங்களிடம் தாராளமாகக் கேளுங்கள்.

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்கள் சிலவற்றில் சிக்கிள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. குளிரிலும் நீர் வற்றினாலும் வரும் அந்த வலி சாதாரண மாத்திரைக்கு அடங்காது. வலுவான மருந்து நியாயமாகவே தேவைப்படும். கல்யாணம் தடைபடும் என்று நோயை மறைத்துவிட்டு, புது ஆஸ்பத்திரியில் “ஊசி போடுங்க” என்று மட்டும் கேட்டால் சந்தேகப் பார்வைதான் கிடைக்கும். பரிசோதனை அட்டையையும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் காட்டினால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும். ஊரார் யாருக்கும் அதைக் காட்டத் தேவையில்லை.

மலம் தார் போலக் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்து கால் வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை போட்டவரை எழுப்ப முடியவில்லை என்றால் உடனே 108. ஆம்புலன்ஸில் ஏறும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், காலியானதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.