படகு எஞ்சினுக்கு ஆயில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரிக்கு ஆயில் மாற்றுவதும் படகுக்கு ஆயில் மாற்றுவதும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. வடசென்னைக் காசிமேட்டு விசைப்படகுகள் பலவற்றில் இருப்பது லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்ப மாற்றியமைத்த வடிவம் என்பது உண்மைதான். ஆயிலும் ஃபில்டரும்கூட ஏறக்குறைய அதேதான். ஆனால் லாரிக்கு அடியில் ஆள் படுக்கலாம், அகலமான சட்டியை வைத்து நட்டைக் கழற்றலாம். படகில் ஆயில் சேம்பருக்கு, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, கீழே கை நுழைவதே பெரும்பாடு. அங்கே நட்டைக் கழற்றினால் ஆயில் நேராக எஞ்சினுக்கு அடியில் தேங்கியிருக்கும் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு இருக்கிறது. அது இறைத்துக் கொட்டுகிற இடம் கடல்.

அதனால் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரே கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: உள்ளே இருக்கும் ஆயில் எந்த வழியாக வெளியே வந்து எந்த கேனில் போய்ச் சேரப் போகிறது? இதை முடிவு செய்யாமல் தொடங்குகிற வேலை எதுவும் சுத்தமாக முடிவதில்லை.

"வுட்டுட்டு அப்பாலிக்கா எறைச்சிக்கலாம்"

துறைமுகத்தில் அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை இது. நட்டைக் கழற்றி ஆயிலை அடித்தண்ணீரில் விட்டுவிட்டு, கடலுக்குப் போகும் வழியில் பம்பைப் போட்டு வெளியேற்றிவிடுவது. நேரம் மிச்சம், கேன் தேவையில்லை, யாருக்கும் தெரியாது. ஆனால் காசிமேட்டுத் துறைமுகம் அலைத்தடுப்புச் சுவருக்குள் அடங்கிய இடம். உள்ளே விட்ட எண்ணெய் சீக்கிரம் வெளியே போகாது. நெருக்கியடித்து நிற்கும் படகுகளுக்கு நடுவே நீலமும் ஊதாவுமாக மினுக்கிக்கொண்டு நாள்கணக்கில் சுற்றிவரும். மீன் வந்து இறங்குவதும் அதே தண்ணீரின் ஓரத்தில்தான்.

எண்ணெய் கடலில் கலந்தால் என்ன ஆகும் என்று வடசென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கொட்டிய எண்ணெயை எர்ணாவூர்க் கரையில் வாளிவாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அந்த நாட்களில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், தன் படகிலிருந்து போகிற இரண்டு லிட்டரைச் சின்ன விஷயம் என்று சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மற்றவர்கள் கொட்டியதற்கு நியாயம் கேட்கும் உரிமை நமக்கு முழுதாக இருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிந்ததும் சோப்புத்தூளையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ ஊற்றுவது. படலம் கண்ணுக்கு மறைகிறது, எண்ணெய் மறைவதில்லை. மேலே மிதந்துகொண்டிருந்தது பொடிப்பொடித் துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. மீன் குஞ்சுகளும் முட்டைகளும் இருக்கும் இடத்துக்கு அதை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். மேலே மிதந்தால் ஒற்றியாவது எடுக்கலாம். உடைத்துவிட்டால் எடுக்கவே முடியாது.

சரியான வழி கடினமானதல்ல. வேலையைத் தொடங்குமுன் அடித்தண்ணீர் பம்பின் சுவிட்சை அணையுங்கள். தானாக இயங்கும் பம்பாக இருந்தால் வயரையே கழற்றிவிடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் மாட்டுங்கள். ஆயிலைக் கீழ் நட்டு வழியாக விடாமல், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக் போகும் குழாய் வழியாக மேலே உறிஞ்சி எடுங்கள். இதற்கென்றே கையால் அடிக்கும் பம்பும் 12 வோல்ட்டில் ஓடும் பம்பும் உண்டு. சென்னை ஜி.பி. ரோடு மாதிரி உதிரிபாகக் கடைத் தெருக்களில் விசாரித்துப் பாருங்கள். சில எஞ்சின்களில் ஆயில் இறைக்கும் பம்பைக் கம்பெனியே பொருத்திக் கொடுத்திருக்கும். டியூபைச் சேம்பரின் அடி தட்டும்வரை இறக்க வேண்டும். பாதியில் நின்றால் அடியில் கிடக்கும் கசடு அப்படியே தங்கிவிடும்.

எஞ்சினைச் சுற்றி அடியில் எதையாவது விரித்து வைப்பதும் முக்கியம். காட்டன் வேஸ்ட்டைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். ஆனால் அது தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கும், ஈரமான பிறகு எண்ணெயைச் சரியாகப் பிடிக்காது. இலவம் பஞ்சு அப்படியல்ல. தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயை மட்டும் இழுத்துக்கொள்ளும். கிழிந்த தலையணையின் பஞ்சைப் பழைய கொசுவலைத் துணியில் பொட்டலமாகக் கட்டி எஞ்சினுக்கு அடியில் போட்டு வையுங்கள். ஆயில் மாற்றும் நாளில் மட்டுமல்ல, எப்போதும் அங்கே கிடக்கட்டும். கறுத்துப்போனால் மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் குடித்த பஞ்சும் துணியும் புகைக்குழாய்ப் பக்கம் போகக் கூடாது, தீப்பிடிக்கும்.

சூடு

ஆறிப்போன எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும், கசடும் அடியில் படிந்திருக்கும். அப்போது உறிஞ்சினால் நல்ல பாதி வந்து கெட்ட பாதி உள்ளே நிற்கும். ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்துத் தொடங்குங்கள். இரவெல்லாம் ஓடித் திரும்பிய எஞ்சினை வந்த சூட்டோடு தொடுவதும் தவறுதான். அந்த ஆயில் கையில் பட்டால் தோல் உரியும்.

ஃபில்டரில்தான் அதிகம் கொட்டுகிறது

சேம்பர் ஆயிலைப் பக்குவமாக எடுத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றும்போது மொத்தமும் நாறிப்போவதுண்டு. படகு எஞ்சின்களில் ஃபில்டர் பக்கவாட்டில் படுத்த மாதிரி இருப்பது சகஜம். மரை விட்டதும் உள்ளே நிற்கும் ஆயில் எஞ்சின்மேல் வழிந்து கீழே போகும். முதலில் கால் திருகு மட்டும் தளர்த்துங்கள். பிறகு தடித்த பாலித்தீன் பையை ஃபில்டர் முழுவதையும் மூடுகிறபடி மாட்டி, பைக்கு வெளியிலிருந்தே பிடித்துத் திருகிக் கழற்றுங்கள். ஃபில்டரும் ஆயிலும் பைக்குள்ளேயே விழும். மெல்லிய கடைப் பை சூட்டில் பொத்துக்கொள்ளும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தடித்த பைகள் நல்லது.

இறுகிப்போன ஃபில்டரில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தகடு கிழிந்து ஆயில் பீய்ச்சும், ஃபில்டரும் பாதியில் நின்றுவிடும். பட்டை ஸ்பானர் என்று ஒன்று இருக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஃபில்டர் வந்துவிட்டாலும் அதன் ரப்பர் ரிங் சில நேரம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புதியதை ஏற்றினால் ரிங்மேல் ரிங் உட்கார்ந்துவிடும். கரையில் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாமல் போகலாம். நடுக்கடலில் முழு வேகம் கொடுக்கும்போது அழுத்தம் தாங்காமல் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் வெளியே போய்விடும். எஞ்சின் ஜாம். இழுத்து வர இன்னொரு படகு கிடைக்கும்வரை காற்று இழுத்த பக்கம் போக வேண்டியதுதான். கழற்றிய ஃபில்டரைத் திருப்பி ரிங் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், எஞ்சின் பக்கத்தைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். புதிய ரிங்கில் புது ஆயிலைத் தடவி, கையால் திருகி, ரிங் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையாலேயே இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டருக்குப் போதும். சரியான அளவு ஃபில்டர்மேலேயே எழுதியிருக்கும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் ரிங் நசுங்கும், அடுத்த முறை கழற்றவும் வராது.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவது

பழைய ஆயிலை எடுத்த பிறகு சேம்பரில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கழுவும் வழக்கம் சில மெக்கானிக்குகளிடம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். அதில் ஒரு பகுதி உள்ளே தங்கி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புது ஆயிலை நீர்க்கச் செய்யும். பேரிங்குக்குத் தேவையான படலமும் அந்தச் சில நிமிடங்களில் இருக்காது. போதாததற்குக் கழிவும் இரட்டிப்பாகும். ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் கழுவும் தேவையே வராது.

ஊற்றும் அளவு

மணலில் ஏற்றிய ஃபைபர் போட் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். அப்படியே டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். படகைச் சமமாக நிறுத்துங்கள். தண்ணீரில் நிற்கும் படகென்றால் ஆட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து இரண்டு மூன்று முறை அளந்துகொள்ளுங்கள். சொல்லப்பட்ட அளவில் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். ஃபில்டர் நிறைய ஆயில் இழுக்கும் என்பதால் ஓடவிடாமல் பார்த்த அளவு கணக்கில் சேராது.

"கொஞ்சம் ஜாஸ்தி இருந்தா நல்லதுதானேண்ணே?" என்று கேட்பார்கள். இல்லை தம்பி. மேல் கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்கு வழவழப்பு கிடையாது. சீல் வழியாகக் கசிந்து, அடித்தண்ணீரில் மறுபடியும் எண்ணெய் சேரும்.

டிப் ஸ்டிக்கைப் பார்க்கும்போது நிறத்தையும் கவனியுங்கள். டீசல் எஞ்சினில் ஆயில் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும், அது கரியைச் சுமக்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். டீ நிறத்தில் பால் கலந்தாற்போல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டோ ஆயிலைக் குளிர்விக்கும் கூலரோ பழுதாகியிருக்கலாம். ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் தண்ணீரோ டீசலோ கலந்திருக்கிறது. இரண்டிலும் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுக் கடலுக்குப் போவது கூடாது.

தடைக்காலக் கணக்கு

மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கும். தடை முடிந்து இறங்கும்போது புது ஆயில் விடலாம் என்று பலரும் விட்டுவைக்கிறார்கள். பணக்கையிருப்பைப் பார்த்தால் காரணம் புரிகிறது, ஆனால் எஞ்சினுக்கு இது தலைகீழ். ஓடிய ஆயிலில் டீசல் எரிந்த அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். இரண்டு மாதம் அது பேரிங்கிலேயே ஊறிக் கிடந்தால் அரிக்கும். நிறுத்துவதற்கு முன் மாற்றி, புது ஆயில் எல்லா இடத்துக்கும் பாயும்படி சில நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

தடை இல்லாத ஃபைபர் போட்டுக்காரர்களுக்கு வேறு சிக்கல். படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களில் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் இருபது நாளில் 100 மணி. மாதக் கணக்கில் நினைத்தால் தவறிவிடும். மாற்றிய தேதியை எஞ்சின் மூடியின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள்.

அவுட்போர்டைப் படகிலிருந்து இறக்கிக் கரையில் வைத்துச் செய்வது நல்ல வழக்கம். ஆனால் மணலில் குழி தோண்டி ஆயிலை விட்டு மூடுகிறார்களே, அது வேண்டாம். குப்பங்களில் அடிபம்புத் தண்ணீர் அந்த மணலுக்கு அடியில்தான் இருக்கிறது. தார்ப்பாய் விரித்து, மேலே சட்டி வைத்துச் செய்யுங்கள். அப்போதே கீழ்க்காலில் (புரொப்பெல்லர் இருக்கும் அடிப்பகுதியில்) இருக்கும் கியர் ஆயிலையும் பாருங்கள். பால் நிறமாக வந்தால் புரொப்பெல்லர் பக்கத்து சீல் போயிருக்கும். புது கியர் ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் ஓட்டையில் எட்டிப் பார்க்கும்வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொண்டு அளவு குறையும்.

கையும் கழிவும்

ஓடிய ஆயிலில் உலோகத் துகளும் எரிந்த கழிவும் இருக்கிறது. தோலில் தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால் புற்றுநோய் அபாயமே உண்டு. கையுறை போடுங்கள். பெட்ரோலில் கை கழுவாதீர்கள், தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு அழுக்கை உள்ளே இறக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, மரத்தூளும் சோப்பும் போட்டுக் கழுவினால் போகும்.

எடுத்த ஆயிலை மரத்துக்குப் பூசுவது, கொசு சாக சாக்கடையில் ஊற்றுவது, அடுப்பெரிப்பது எல்லாம் பழைய பழக்கங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம்தான் சேர வேண்டும். முறையாகப் போனால் அதைச் சுத்திகரித்து மறுபடியும் ஆயிலாக்குகிறார்கள். தண்ணீர், மண்ணெண்ணெய், கூலன்ட் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் சுத்திகரிக்க எடுக்கமாட்டார்கள். புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றிவைத்தால் மேலே "பழசு" என்று பெரிதாக எழுதுங்கள்.

ஒருவருடைய இரண்டு லிட்டருக்காக யாரும் வண்டி எடுத்து வரமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு குப்பத்திலும் மீனவர் சங்கத்தின் பொறுப்பில் ஒரு 200 லிட்டர் பீப்பாய் வைக்கலாம். வலை பின்னும் கொட்டகை ஓரம் போன்ற நிழலான, அலை ஏறாத இடம் வேண்டும். ஆயில் வடித்த பழைய ஃபில்டருக்கும் எண்ணெய்ப் பஞ்சுக்கும் பக்கத்தில் தனி டப்பா. மூடி இறுக்கமாக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் திறந்த பீப்பாய்க்குள் தண்ணீர் சேர்ந்தால் ஆயில்தான் முதலில் மேலேறி வழியும், எனவே அக்டோபர் பிறப்பதற்குள் காலி செய்து அனுப்பிவிடுங்கள்.