பழைய டொயோட்டா கேம்பரை நாமே சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1970களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை அமெரிக்காவில், டொயோட்டா பிக்கப்பின் சேசிஸை எடுத்து அதன் மேல் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த ஒரு குட்டி வீட்டைக் கட்டி விற்ற கம்பெனிகள் நிறைய. டால்ஃபின், சன்ரேடர், வின்னபேகோ வாரியர் எல்லாம் அப்படி வந்த கேம்பர் வண்டிகள்தான். பெரும்பாலானவற்றில் நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 100 குதிரைத்திறன், அவ்வளவுதான். இன்றும் இவற்றைத் தேடிப்பிடித்து வாங்கி, ஒர்க் ஷாப் பக்கம் போகாமல் தாங்களே சரிசெய்ய நினைக்கிறவர்கள் உண்டு, செய்யவும் முடியும். ஆனால் வாங்கிய கையோடு உள்ளே வெள்ளை பெயின்ட் அடிப்பது, மெத்தைக்குப் புதுத் துணி தைப்பது, கூரையில் சோலார் பலகை மாட்டுவது என்றுதான் பலர் தொடங்குகிறார்கள். வரிசை அப்படியே தலைகீழ். முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், அப்புறம் கூரைமேல் ஏறுங்கள், உள்ளே வருவது கடைசி.

அடியில் முதலில் பார்க்க வேண்டியது பின் ஆக்சில். ஆரம்பகால வண்டிகள் பலவற்றில் சாதாரண பிக்கப்பின் ஆக்சிலையே வைத்து, அதில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம் மாட்டி, பார்ப்பதற்குக் கனரக வண்டி போலக் காட்டியிருந்தார்கள். சக்கரம்தான் இரட்டை, தாங்கும் சக்தி பழையதுதான். இந்த வகை ஆக்சிலில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டே எடையையும் தாங்குகிறது, தண்டு முறிந்தால் சக்கரம் தனியே கழன்று போய்விடும். பிறகு இதற்காக ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்து, பல வண்டிகளுக்குக் கனமான ஆக்சில் மாற்றிக் கொடுக்கப்பட்டது, ஆனால் எல்லா வண்டியும் போய் மாற்றிக்கொள்ளவில்லை. பின் சக்கரத்தில் ஐந்து நட் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆறு நட் இருந்து, நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதைச் சுற்றி தனி போல்ட் வரிசை தெரிந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில். அதில் எடையைத் தாங்குவது வெளிக்கூடும் பேரிங்கும்தான், தண்டு உடைந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். மற்றதெல்லாம் பேரம் பேசலாம், இதில் மட்டும் பேச்சே வேண்டாம். ஐந்து நட் வண்டி என்றால் ஆக்சில் மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். வருஷத்துக்கு நாலு முறை ஓடும் வண்டியில் டயர் தேய்வதில்லை, வயதாகித்தான் வெடிக்கும். பக்கச்சுவரில் இருக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஆறேழு வருஷம் தாண்டியதை மாற்றிவிடுவது நல்லது, ஸ்டெப்னியையும் சேர்த்து. சாதாரண கார் டயர் போடக் கூடாது, சுமைக்கான ரகமே வேண்டும். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரின் காற்றைப் பார்ப்பது கஷ்டம் என்பதால் யாரும் பார்ப்பதில்லை, அது காற்றிறங்கிக் கிடந்தால் வெளி டயர் இரண்டு பேர் சுமையையும் தூக்கிச் சூடாகும்.

பின்பக்கம் தொங்குகிறதே என்று கமான் பட்டையோடு ஏர் பேக் (காற்று நிரப்பி வண்டியைத் தூக்கும் ரப்பர் பை) சேர்க்கிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த வண்டிகள் பலவற்றில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு வால்வில் சேரும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று அந்த வால்வு தீர்மானிக்கிறது. ஏர் பேக்கால் வண்டியை உயர்த்திவிட்டால் வண்டி காலியாக இருப்பதாக அது நினைத்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நிறைந்த சுமை, அரைகுறை பிரேக், எதிரே மலை இறக்கம். எனவே உயரம் மாறினால் அந்த வால்வின் கம்பியையும் சரிசெய்தே ஆக வேண்டும். சுமையைப் பற்றிச் சொன்னால், ஊகிக்காதீர்கள்: தண்ணீர், சிலிண்டர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிய பிறகு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் உள்ள எடை மேடையில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக எடை போட்டு, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அனுமதி எடை அளவோடு ஒப்பிடுங்கள். பின் பம்பரில் சைக்கிள், ஜெனரேட்டர் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் உடல் அது, அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும்.

சரி, இப்போது கூரை. இந்த வீடுகளின் எலும்பு பெரும்பாலும் மெல்லிய ரீப்பர் கட்டையும், அதன்மேல் அதைவிட மெல்லிய பிளைவுட்டும்தான், தண்ணீர் இறங்கினால் தாங்காது. ஓட்டுநர் தலைக்கு மேல் முன்னால் நீட்டியிருக்கும் படுக்கை அறையின் மூலைகளை அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போனால் மரம் மக்கியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே பெயின்ட் அடிப்பது, பலகை ஒட்டி மறைப்பது, இரண்டுமே ஈரத்தைப் பூட்டி வைக்கும் வேலை. உள்ளே எங்கே ஈரம் தெரிகிறதோ அங்கேதான் ஓட்டை என்று நினைப்பது இன்னொரு தப்பு. தண்ணீர் கட்டை வழியே ஓடி, நுழைந்த இடத்திலிருந்து ரொம்ப தூரம் தள்ளிக்கூட வெளிப்படும். அதனால் உள்பக்கம் அடைத்துப் பயனில்லை, வெளியே கூரை விளிம்பு, காற்றுத் திறப்பு, விளக்கு, ஜன்னல் என்று ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும்.

அடைப்பதற்குக் கையில் கிடைத்த சிலிக்கான் டியூபைப் பிதுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது, சிலிக்கான் மேல் புது சிலிக்கான்கூட சரியாக ஒட்டாது. ஆகவே அடுத்த முறை அத்தனையையும் சுரண்டி எடுக்கும் தண்டனை உங்களுக்குத்தான். ஜன்னல் ஒழுகினால் சுற்றிலும் பூசாமல், திருகுகளைக் கழற்றி ஜன்னலையே வெளியே எடுத்து, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, புது பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து மறுபடி மாட்டுங்கள். அரை நாள் வேலை, ஆனால் பல வருஷம் தாங்கும். கூரைமேல் இருக்கும் இணைப்புகளுக்கு கேம்பர் கூரைக்கென்றே விற்கும், தானாகப் பரவும் சீலன்ட் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஜன்னல் சட்டத்தின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் உள்ளே விழும் மழைநீர் வெளியேறுவதற்காக இருப்பவை. ஓட்டை என்று நினைத்து அவற்றையும் அடைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் சுவருக்குள்தான் போகும்.

எஞ்சினைப் பொறுத்தவரை, மேலே சொன்ன 2.4 லிட்டர் எஞ்சினின் 22R, 22RE என்ற இரண்டு வகைகளும் உழைப்பாளிகள். ஆனால் 1983 வாக்கிலிருந்து வந்தவற்றில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் செயினை வழிநடத்துவது பிளாஸ்டிக் பட்டைகள். அவை உடைந்தால் செயின் முன் மூடியை உரசி அறுத்து, கூலன்ட் எண்ணெயோடு கலக்கும் வரை போகும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் கடகடவென்று சத்தம் வந்தால், பழைய எஞ்சின் என்றால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். வால்வ் கவரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள், ஓட்டுநர் பக்கத்துப் பட்டை உடைந்திருந்தால் கண்ணாலேயே தெரியும். மாற்றும்போது உலோகம் பதித்த பட்டைகளாக வாங்குங்கள். மூன்று லிட்டர் V6 வண்டி என்றால் அதில் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்தான் பலவீனம்.

மின்சாரத்தில் வீட்டு வேலைப் பழக்கம் ஆபத்து. ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் ஒடியும், பல இழை ஒயரும் நன்றாகக் கிரிம்ப் செய்த (நசுக்கிப் பிடித்த) முனையும்தான் சரி. பேட்டரியிலிருந்து புறப்படும் ஒயருக்கு ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். வீட்டுப் பகுதிக்கான பழைய ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரியை அதே இடத்தில் நேராக மாட்டினால், அது எஞ்சினோடு ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிடமிருந்து தாராளமாக உறிஞ்சி, அந்த ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும், நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் குளிர் ஊர்க்காரர்கள் மறக்க வேண்டாம்.

கேஸ் குழாயில் இணைப்புக்கு இணைப்பு வெள்ளை டேப் சுற்றுவார்கள். விரிந்த வாய் உள்ள செம்புக்குழாய் இணைப்பில் உலோகமும் உலோகமும்தான் அடைக்க வேண்டும், டேப் இடைஞ்சல். கசிவை சோப்பு நுரை போட்டுப் பாருங்கள். இந்த கேஸ், அதாவது புரோப்பேன், காற்றைவிடக் கனம், எனவே அதன் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, அதுவும் வேண்டும். கேஸில் ஓடும் பழைய ஃபிரிட்ஜை வண்டி சாய்ந்து நிற்கும்போது ஓட விட்டால் குளிரூட்டும் பகுதி உள்ளுக்குள் அடைத்துக் கெட்டுப்போகும். பின்னால் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ, அம்மோனியா வாசனை வந்தாலோ, அதை உடனே அணைத்துவிடுங்கள், அதற்கப்புறம் அதில் கை வைக்க வேண்டாம்.

தண்ணீர்க் குழாய் சாம்பல் நிறத்தில் இருந்தால் அது பாலிபியூட்டிலீன் என்ற பழைய பிளாஸ்டிக்காக இருக்கலாம், கசியும் இணைப்பை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்காமல் மொத்தமாக பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். குளிர்காலத்துக்கு முன் தொட்டியையும் குழாயையும் வடித்துவிட்டு, கேம்பருக்கென்று விற்கும் ரோஸ் நிறத் திரவத்தைத்தான் ஓட்ட வேண்டும். ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் விஷம், குடிக்கும் தண்ணீர் ஓடும் குழாயில் அதற்கு இடமில்லை.